கந்தவேலின் கேசட்

நாமக்கல் ஜெகதீஸ்வரன் தன் கல்லூரித் தோழன் கந்தவேலோடு பேசி இருபத்தாறு வருஷமாகிறது. காரணம் சொத்தோ பெண்ணோ இல்லை. தொண்ணூறுகளில் வந்த ‘பிக் பீட்’ எனும் மேற்கத்திய நடன இசையின் இரண்டு ஆல்பங்கள். ஒரே நாளில் சேலத்துக் கடையொன்றில் ஆளுக்கொன்றாகக் கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். எது உசத்தி என்ற சண்டை அன்று மாலையே ஆரம்பித்தது.

“என் கல்யாணப் பத்திரிகை கந்தவேல் மாமாவுக்கும் வெக்கலாமுங்கப்பா,” என்றாள் மகள் பிரீத்தி.

“அவனுக்கா? அவன்ற கேசட்டு வெறும் இரைச்சல் சாமி. என்ற கேசட்டுல பாஸ் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும்!”

“மாமாவோடதைக் கேட்டிருக்கீங்களா?”

“அந்தக் கருமத்தை நான் எதுக்குக் கேக்கோணும்?”

பிரீத்தி இரண்டு கேசட்டுகளை மேசைமேல் வைத்தாள். “நேத்து மாமாவோடதை வாங்கிட்டு வந்து ரெண்டையும் கேட்டேனுங்க. லேபிள்தான் வேற. கடைக்காரர் ரெண்டுலயும் ஒரே ஆல்பத்தைப் பதிஞ்சு குடுத்திருக்காருங்கப்பா.”

ஜெகதீஸ்வரன் நம்பவில்லை. இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை கண்ணை மூடிக் கேட்டார். முகம் மெல்ல இளகியது. பிரீத்தி சந்தோஷமாகப் பத்திரிகையில் கந்தவேல் பெயரை எழுதத் தொடங்கினாள்.

“நான் சொன்னது சரிதான் சாமி,” என்றார் ஜெகதீஸ்வரன் நிம்மதியாக. “அவன்றதுல பாஸ் கம்மி.”