கடைசி இறக்கம்

“என்னைக் கொல்லத்தான் வந்தார். சந்தேகமே இல்ல சார்.”

டீச்சர் இப்படிச் சொன்னதும் லாரி ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட வலது கையைக் கழுத்தில் மாட்டியிருந்ததால், இடது கையால்தான் டிரைவரைச் சுட்டிக்காட்டினார்.

டிரைவர் மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்றார். அந்தக் கம்பெனியில் ஸ்டியரிங் பிடித்தே தலை நரைத்தவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்க வழியுண்டு. மனுஷனோ கல்லுளிமங்கனாக நின்றுகொண்டிருந்தார்.

“முதல்ல இருந்து சொல்லுங்கம்மா,” என்றார் முதலாளி. “இந்த ஆள் வீட்டுக்குப் போறதா, ஜெயிலுக்குப் போறதாங்கறது நீங்க சொல்றதுலதான் இருக்கு.”

டீச்சர் பள்ளி விடுமுறையில் தன்னந்தனியாகச் சைக்கிளில் மலைகளைச் சுற்றிவரக் கிளம்பியவர். போன இடமெல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து போனது.

“ரோட்டைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போன இடத்துல சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தேன். ஆள் அரவமே இல்லாத கணவாய்ல தனியாப் படுத்துத் தூங்கினேன். எங்கயும் பயப்படல சார். ஊரு கண்ணுக்கெட்டுற தூரத்துக்கு வந்த பிறகு, அந்தக் கடைசி இறக்கத்துலதான்…”

“போகாதே போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?” என்று பக்கத்தில் இருந்த டீச்சரின் அண்ணன், முதலாளியிடம் புகார் படித்தார். தங்கை முறைத்ததும், அவளுக்காக எடுத்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

“நல்ல பனிமூட்டம் சார். பின்னாடி ஹாரன் சத்தம். திரும்பிப் பார்த்தா இவர் லாரி முட்டுற மாதிரி நெருங்கி வருது. மெதுவா வாங்கன்னு கையைக் காட்டினேன். ஹாரனை விடாம அடிச்சாரே தவிர, நிறுத்தல.”

“ஓரமா ஒதுங்கியிருக்கலாமேம்மா?”

“ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். எங்க ஒதுங்கறது? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மிதிச்சேன். ஒரு வளைவுல ஜல்லி கொட்டியிருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு அதுல பாய்ஞ்சேன். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.” டீச்சர் டிரைவரை நேராகப் பார்த்தார். “அப்பவும் இவர் நிக்கல. நான் குப்புறக் கிடக்கேன், லாரி போகுது, போகுது, ரயில் மாதிரி போய்க்கிட்டே இருக்கு. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகல சார்.”

அண்ணன் தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

முதலாளி டிரைவர் பக்கம் திரும்பினார். “இறக்கத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்தி பிரேக்கைப் பார்த்தியா?”

அது அந்தக் கம்பெனியின் சட்டம். மலை உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் எவரும் இறங்க வேண்டும். அதைச் செய்யாதவனுக்கு அன்றோடு சீட்டு கிழியும். வேறு எந்த லாரி ஆபீஸும் அவனைச் சேர்த்துக்கொள்ளாதபடி முதலாளி பார்த்துக்கொள்வார்.

“பார்த்தேன் முதலாளி.”

“வழியில பிடிக்காமப் போயிடுச்சா? அப்படின்னா இப்பவே சொல்லிடு. விபத்துன்னு பேசி முடிச்சுக்கலாம்.”

முதலாளி கயிறு வீசுகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிடித்துக்கொள்ள வேண்டியவர்தான் கையை நீட்டவில்லை.

“என் வண்டி பிரேக்ல ஒரு குறையும் இல்ல முதலாளி.”

“பிரேக் நல்லாருந்துச்சு. முன்னாடி ஒரு பொண்ணு போறதும் தெரிஞ்சுது. அப்புறம் ஏன்யா நிறுத்தல?”

டிரைவர் தரையைப் பார்த்தார். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்ற டிரைவரின் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவரும் அங்கே லாரி ஓட்டுபவர்தான். மாமனார் சிபாரிசில் போன வருஷம் சேர்ந்தவர்.

“உன் மாமனாருக்கு நீயாவது எடுத்துச் சொல்லேன்ப்பா. எதுக்கு இப்படி அடம் பிடிக்கிறாரு?”

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

“மாப்பிள்ளை, நீங்க வெளிய போங்க.” அன்று டிரைவர் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். “கடைசியாக் கேக்கறேன்மா. வேணும்னேதான் செஞ்சார்னு போலீஸ்ல சொல்வீங்களா?”

“சொல்வேன் சார்.” அந்த நரைத்த தலையைப் பார்க்க டீச்சருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வார்த்தையை அவர் மாற்றவில்லை.

“சரி, சாவியை வை.”

டிரைவர் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வேலையும் போய், லைசென்ஸும் போய், கம்பி எண்ணப் போகிறவர் அவர்தான். அவருடைய கெஞ்சும் பார்வை மட்டும் ஏனோ வாசல் பக்கமே இருந்தது.

மாப்பிள்ளை வெளியே போகவில்லை. உள்ளே வந்து, மாமனாரைத் தாண்டி, டீச்சர் எதிரே போய் நின்றார். அழுகையை அடக்க முடியாமல் கும்பிட்டார்.

“மாமா பிரேக்கை மிதிச்சுக்கிட்டேதான்மா வந்தாரு. உச்சியில சோதிக்காம இறங்கி, பிரேக் பிடிக்காம அவர் லாரி முதுகுல முட்டிக்கிட்டே வந்தது என் லாரி.”