ஒற்றை ஆள் வஞ்சி

2003 மே மாதம். மழைக்கு முன் கூரையை மாற்றியாக வேண்டும் என்பதால், மாடத்தி புருஷன் செல்லப்பாவின் ஃபைபர் வஞ்சியை விற்க முடிவு செய்தாள். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்னப் படகு அது. செல்லப்பா அதில்தான் தூண்டிலோடு கொடுவா மீன் பிடிக்கப் போனார். போன வருஷம் வஞ்சி மட்டும் காயலில் மிதந்து திரும்பி வந்தது. ஆள் கிடைக்கவில்லை.

பள்ளுருத்தியிலிருந்து அபிலாஷ் வாங்க வந்தான். வாங்குகிறவர்கள் முதலில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் நிற்க வேண்டும். இல்லையென்றால் பெரிய கொடுவா இழுக்கும்போது கவிழ்ந்துவிடும். அபிலாஷ் உட்கார்ந்ததும் நாலு விரல்தான் நின்றது.

"சேச்சி, ஞான் அத்தன தடியனா?" என்று மலையாளம் கலந்து கேட்டுச் சிரித்தான். அடியைத் தடவிப் பார்த்தான். ஓட்டை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. கரையேறினான். அவன் இறங்கிய பிறகும், ஒருவர் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வஞ்சி தாழ்ந்தே கிடந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"வேண்டாம் சேச்சி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மாடத்தி வஞ்சியின் அருகே வந்தாள். "கொஞ்சம் எறங்குங்களேன். வீடு ஒழுகுது."

வஞ்சி அசையவில்லை.

"ரெண்டு பேரு உக்கார்றதா வாங்குங்கன்னு அன்னைக்கே சொன்னேன். பொம்பள கூட வந்தா மீனு கடிக்காதுன்னீங்க."

வஞ்சி மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, உட்கார்ந்திருப்பவர் நகர்ந்து இடம் விடுவதுபோல.

மாடத்தி ஏறவில்லை. கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டு, வாங்குவதற்கு அடுத்த ஆளைத் தேடிப் போனாள்.