பதினோராம் மட்டத்தில் ஒரு காலி

திரையில் அந்த நீலத் திட்டு கலையவே இல்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூமிக்கடியில் வைத்த கருவி நாற்பது நாளாகச் சேர்த்த படம் அது.

வானத்திலிருந்து சதா ஒரு தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள். கூரை, குடை, நம் தலை, எதையும் சட்டை செய்யாமல் பாறைக்குள்ளும் இறங்கிவிடும். கெட்டிப் பாறை என்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும். காலி இடம் என்றால் கூடுதலாக வந்து சேரும்.

அவற்றை எண்ணுவதற்குத்தான் இந்தத் தங்கச் சுரங்கத்தில் அவளுக்குச் சம்பளம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நீலம் என்றால் காலி.

பதினோராம் மட்டம், மேற்கு வழி. ஓர் அறை அளவு இருக்கும். ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

அங்கே காலி இருக்கவே கூடாது. பத்தொன்பது வருடத்துக்கு முன் பாறை வெடித்து அந்த வழி முழுக்க மூடிப்போனது என்கிறது பழைய வரைபடம். உள்ளே மாட்டிய ஒரே ஆள் அவள் அப்பா, சவரிமுத்து.

உடலை எடுக்க முடியாமல் போனால், அதே மட்டத்துக் கல் ஒன்றைப் பெட்டியில் வைத்துப் புதைப்பது இந்த ஊர் வழக்கம். அப்பாவையும் அப்படித்தான் புதைத்தார்கள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"ஒரு நொடிதான் கண்ணு. வலியே தெரிஞ்சிருக்காது."

கல்லறைத் திருநாள்தோறும் அம்மா இதைச் சொல்லித்தான் மெழுகுவத்தி ஏற்றுவாள்.

பார்க்கப் பார்க்க அவள் உடம்பு லேசாகிக்கொண்டே போனது. நாற்காலி, தரை, பத்து மட்டங்கள், எல்லாவற்றையும் தாண்டி இறங்கினாள். இருட்டில் ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோளின் மேல் வானம் ஓசையில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

ஒரு நொடியாக இருந்திருக்காது என்று முதல் முறையாகத் தோன்றியது.

"சிமெண்ட் கலவை விட்டு அடைச்சிடலாமா, இல்ல உடைச்சுப் பாக்கணுமா? உங்கப்பா இடம். சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லும்மா" என்றார் பின்னால் நின்று படத்தைப் பார்த்த மேலாளர்.

அடைத்தால் அம்மாவின் நிம்மதி பிழைக்கும். உடைத்தால் என்னென்ன தெரியவருமோ.

மத்தியானம் வீட்டுக்குப் போனாள். அம்மா கீரை உருவிக்கொண்டிருந்தாள். மறைத்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

படத்தைக் காட்டினாள். அப்பா இருந்த இடம் மூடவில்லை அம்மா, காலியாகத்தான் இருக்கிறது என்றாள்.

அம்மாவின் விரல்கள் நின்றன.

"தெரியும்டி. மூணு நாள் உள்ளேர்ந்து காத்துக் குழாயத் தட்டிக்கிட்டே இருந்தாரு. ஊருக்கே கேட்டுச்சு. மறுபடி வெடிக்கும்னு ஒருத்தரையும் உள்ள விடல."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உன் காதுல மட்டும் போடாதீங்கன்னு நான்தான் வீடு வீடாப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்."

முற்றத்தில் வெயில் கொட்டிக்கிடந்தது. அம்மா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

அவள் மேலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"உடைங்க சார். அம்மாவும் கீழ வராங்க."