வெள்ளைப் பூ வந்தால் பட்டணம்

"ஏண்டி அன்னக்கொடி, எம் மகனுக்கு என்னத்த ஓதி வச்சிருக்கே? போறதா இருக்கறதான்னு தெரியாம, பித்துப் பிடிச்சவனாட்டம் திரியறான்!"

கேட்டது மாமியார் மொக்கம்மாள். இலவங்காயை உடைத்துப் பஞ்செடுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி தலை நிமிரவில்லை.

அவள் புருஷனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் மருமகள் சொல்லாததையும் கேட்கும் காது சில மாமியார்களுக்கு உண்டு.

போடிக்கு ரயில் வராத காலம் அது. சோலைமலை மதுரையில் நாலு வருஷம் தங்கி பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தான். மேற்கொண்டு பட்டணம் போய் பி.எல். படிப்பதா, அப்பாவோடு மலையேறி ஏலத் தோட்டத்தைப் பார்ப்பதா? இரண்டு மாதமாக வீட்டில் இதே பேச்சுதான்.

"வக்கீலாகப் போறியா?" என்று அப்பா சோணை கேட்டார்.

"தெரியலய்யா."

"வாத்தியாரு?"

"அதுவும் தெரியல."

"என்ன ஆகப்போறோம்னே தெரியாம எதுக்குடா இன்னொரு படிப்பு? தோட்டத்துல அம்புட்டுச் சோலி கெடக்கு!"

"போய்ப் படிச்சாத் தெரியும்னு நெனைக்கறேன்யா."

சோணைக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி, அம்மன்கிட்டப் பூக்கட்டிக் கேட்ருவோம். வெள்ளைப் பூ வந்தாப் பட்டணம் போ. செவப்பு வந்தா எங்கூட மலைக்கு வா. அதுக்கப்புறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

"நல்லாக் கேளுங்க. ஆனா பொட்டலத்துல இவ கை படக் கூடாது. ஏதாச்சும் தில்லுமுல்லு பண்ணிப்புடுவா" என்றாள் மொக்கம்மாள்.

"நானே கட்றேன் ஆத்தா" என்றான் சோலைமலை.

"கட்டறது அவன். எடுக்கறது மருமக" என்று முடித்தார் சோணை.

மறுநாள் காலை மலையடிவாரத்து அம்மன் கோவில். சோலைமலை தனியாகப் போய், பூவரச இலைக்கு ஒரு பூவாக மடித்து நாரால் கட்டி, இரண்டு பொட்டலம் கொண்டுவந்தான். பூசாரி வாங்கி அம்மன் காலடியில் வைத்தார்.

"எடு ஆத்தா, மருமகளே" என்றார் சோணை.

அன்னக்கொடி கண்ணை மூடினாள்.

கல்யாணமான பத்தாம் நாள் மதுரைக்குப் போனவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி மாதிரி வந்துபோனவன். இந்த இரண்டு மாதம்தான் அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் வீட்டில் இருந்தான். அவன் எழுந்து போனதும் அவன் உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வாள். அதிலேகூட அவளுக்கு ஒரு சுகம்.

'செவப்பா வரணும் ஆத்தா. இவுக எங்கயும் போக வேணாம்.'

ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை நந்தியாவட்டை.

மொக்கம்மாள் குலவை போட்டாள். "எம் மகன் வக்கீலு! ஆத்தாளே சொல்லிட்டா!"

சோணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாமியே சொன்ன பெறகு நான் யாரு? வண்டிய வெரசாப் பூட்டச் சொல்றேன், போயிட்டு வா."

எடுக்காத பொட்டலத்தை வாய்க்காலில் விட வேண்டும். அன்னக்கொடி அதை எடுத்துக்கொண்டு போனாள். அவனை வீட்டிலேயே இருத்தியிருக்கக்கூடிய அந்தச் சிவப்புப் பூவை ஒரு தடவை கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்று நாரைப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

திரும்பினாள். பின்னாலேயே வந்திருந்த சோலைமலையின் முகம் செத்துப்போயிருந்தது. வாய் திறக்காமல், வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

என்ன ஆகப்போகிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். போக வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"மருமகளே!" கோவில் படியில் நின்று சோணை கேட்டார். ஆசை விடவில்லை மனுஷருக்கு. "அதுல செவப்புதானத்தா இருந்துச்சு?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி பூட்ட மாட்டார்கள். இன்றைக்கும் நாளைக்கும் அதற்கு மறுநாளும் அவன் வீட்டில் இருப்பான்.

அன்னக்கொடி பூவை இலையோடு சேர்த்துக் கசக்கித் தண்ணீரில் விட்டாள்.

"ஆமா மாமா. செவப்புதான்."