முழங்கால் அளவு தண்ணீர்

ஒரு குட்டையில் தவளைகள் குடியிருந்தன. அங்கே முட்டையிடலாமா என்று பார்த்துச் சொல்ல வருஷா வருஷம் தூரதேசத்திலிருந்து ஒரு பூநாரை வரும். தண்ணீரில் இறங்கி நிற்கும். "என் முழங்கால் அளவு இருக்கிறது, தாராளமாக இடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடும்.

போன வருஷம் அந்தப் பேச்சை நம்பி முட்டையிட்ட ஒச்சாயித் தவளையின் தலைப்பிரட்டைகள் அத்தனையும் பாதியிலேயே சேற்றில் காய்ந்து செத்தன.

இந்த வருஷமும் பூநாரை வந்து, "முழங்கால் அளவு!" என்றது. ஒச்சாயிக்குச் சுருக்கென்றது.

"போன வருஷமும் இதைத்தானே சொன்னீங்க, ஐயா?"

"வந்தது நான் இல்லையம்மா, வேறு ஆள். அவருக்குக் கால் கட்டை."

ஒச்சாயி ஒரு நாணல் குச்சியை இழுத்துவந்து குட்டை நடுவில் ஊன்றினாள். தண்ணீர் தொட்ட இடத்தில் கீறல் போட்டாள். தினமும் அதை யார் பார்ப்பது என்று மற்ற தவளைகளோடு முறையும் பேசிக்கொண்டாள்.

பூநாரைக்குச் சிரிப்பு வந்தது.

"அதுதான் வருஷம் தவறாம நாங்க வர்றோமே, இந்தக் குச்சி எதுக்கு?"

"நீங்க போன பிறகுதானே ஐயா, தண்ணி வத்துது" என்றாள் ஒச்சாயி.