நூற்றுப் பதினெட்டு கிராம்

படிவத்தில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

டாக்டர் ஷகிலாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்து, அந்த நர்ஸ் அதைத் தொடைமேல் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். கை வியர்த்துக் காகிதம் நமுத்துவிட்டது.

இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கெடுப்பு. ஒவ்வொரு பரிசோதனையும் எவ்வளவு குப்பை சேர்க்கிறது, அதனால் பூமிக்கு என்ன கேடு என்று பார்க்கிறார்கள். நர்சுகளில் இவளிடம்தான் தராசைக் கொடுத்தார்கள். பொய் எழுதமாட்டாள் என்று பெயர்.

கடைசிக் கேள்வியை, முடிவு வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

‘இந்தப் பரிசோதனையால் சிகிச்சை மாறியதா?’

‘இல்லை’ என்றால் அது வீண் பரிசோதனை.

எத்தனை ‘இல்லை’ எழுதியிருக்கிறாள்! தலைவலி என்று வந்தவருக்கு ஸ்கேன். சளி என்று வந்தவருக்கு ஏழு குப்பி ரத்தம். கேட்டால், எதற்கும் பார்த்துவிடுவோமே என்பார்கள். எதற்கும் பார்க்கிற இந்த வியாதிக்குத்தான் முதலில் மருந்து வேண்டும் என்று சாப்பாட்டு அறையில் பொரிந்து தள்ளுவாள்.

போன செவ்வாய்க்கிழமை, இடது மார்பிலிருந்த கட்டியில் ஊசியைச் செலுத்திப் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள்.

அவளுக்குத்தான்.

வலியோடு எழுந்தவள், ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டு நேராகத் தராசிடம் போனாள். ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில். கையுறையும் பிளாஸ்டிக்கும் சிவப்புப் பையில். இரண்டும் சேர்ந்து நூற்றுப் பதினெட்டு கிராம். அதையும் இந்தப் படிவத்தில் ஒழுங்காக எழுதினாள்.

அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது பயம், வெறும் பயம்.

வீணாகப் போகட்டும், சாமி. பஞ்சு, பிளாஸ்டிக், கரண்ட், எல்லாம் தண்டமாகட்டும். இந்த ஒரு தடவை பூமி பொறுத்துக்கொள்ளட்டும். இனி யாரையும் குறை சொல்லமாட்டேன்.

கதவு திறந்தது.

எப்போதும் நின்றபடியே இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிற டாக்டர், ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

“வாங்க சிஸ்டர், உக்காருங்க. கூட வீட்டுக்காரர் வந்திருக்காரா?”

அவள் உட்காரவில்லை.

மேசைமேல் படிவத்தை விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

“‘ஆம்’னு போட்டுரவா, டாக்டர்?”