திரையில் ஆடியது

இருட்டறையில் ஸ்கேன் திரை மட்டும் நிலவொளி போல மினுங்கியது. கணவனும் மனைவியும் கைகோத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன தடவை இங்கதானே டாக்டர், குட்டியா ஆடிட்டு இருந்துச்சு?" என்றாள் அவள்.

"மூணு மாசமாச்சுல்ல? இருங்க, பாக்கறேன்."

கருவி மெல்ல நகர்ந்தது. டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார்.

"காணோம்மா. எந்தப் பக்கம் தேடினாலும் இல்ல."

அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

டாக்டர் சிரித்தபடி, கணவனின் நெஞ்சில் தடவியிருந்த பசையைத் துடைத்தார். மாரடைப்புக்குப் பின் அவன் இதயத்துக்குள் உறைந்திருந்த ரத்தக்கட்டி, மாத்திரையில் முழுசாகக் கரைந்துபோயிருந்தது.

"ஏய் அழுமூஞ்சி, நல்ல சேதிக்கா அழுவாங்க?" என்றான் அவன்.

கட்டி நகர்ந்துவிடுமோ என்று இத்தனை நாளும் அவன் நெஞ்சைத் தொடவே பயந்தவள், அதில் மெதுவாகத் தலை சாய்த்தாள்.